வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிறகு

மாத்தளைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு என்னென்ன உதவிகள் இருக்கின்றன, அவை ஏன் கைக்கு வந்து சேர்வதில்லை?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைநூலில் கல்வி வசதிகளில் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பெயர்கள் உள்ளன. நுவரெலியா உண்டு. பதுளை, மொனராகலை, இரத்தினபுரி உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள எட்டு மாவட்டங்களும் உண்டு. மாத்தளை இல்லை.

இதனால் வரும் நட்டம் சின்னதல்ல. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிகிறது. மிச்சமுள்ள 5 சதவீதம் அந்தப் பதினாறு மாவட்டங்களுக்கு. நுவரெலியாத் தோட்டத்தில் படித்த பிள்ளைக்கு அந்த ஐந்தில் ஒரு சிறு கதவாவது திறக்கும். கந்தேநுவரவிலும் கம்மடுவவிலும் எல்கடுவவிலும் அதே லயத்தில், அதே மண்ணெண்ணெய் விளக்குக் காலத்துத் தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைக்கு அது கிடையாது. மாத்தளை நகரத்திலும் தம்புள்ளையிலும் உள்ள பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று அந்தப் பிள்ளை போட்டி போட வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 4 லட்சத்து 84 ஆயிரம். அதில் ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். அந்தப் பெருந்தொகைக்குள் தோட்டத்துக் கல்வியின் நிலை மறைந்துவிடுகிறது. மாவட்டச் சராசரியில் பார்த்தால் மாத்தளை பரவாயில்லை. ரத்தோட்டைக்கு மேலே மலை ஏறிப் பார்த்தால் பரவாயில்லை என்று சொல்ல வாய் வராது.

தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை சாதாரண தரத்தோடு நின்றுவிடுகின்றன. உயர்தரம் என்றால் நகரத்துக்கு இறங்க வேண்டும். பாக்கியம் தேசியக் கல்லூரி, இந்து தேசியக் கல்லூரி என்று மாத்தளையில் தமிழ்ப் பிள்ளைகளை ஏந்திக்கொண்ட பாடசாலைகள் இருக்கின்றன. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, சாயங்காலம் ரியூஷனும் முடித்து, இருட்டில் தோட்டத்துப் பாதையில் ஏறிப் போகும் பிள்ளைகள்தான் அவற்றின் உயர்தர வகுப்புகளில் கணிசமானோர். அந்தப் பிள்ளை இசட் புள்ளி எடுத்து, வெட்டுப்புள்ளியைத் தாண்டி, "கெம்பஸ் கெடச்சிருக்கு" என்று வீட்டுக்கு வந்து சொல்லும் நாள் அந்த லயத்துக்கே திருவிழா நாள். கோயிலில் அர்ச்சனை, தலைவர் வீட்டில் தேநீர், முகநூலில் படம். அடுத்த வாரமே கேள்வி வருகிறது: ஹொஸ்டல் உண்டா? செலவுக்கு யார் தருவார்? எந்தக் கடதாசியில் யார் கையெழுத்து?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. அரசாங்கமும் பல்கலைக்கழகங்களும் நம்பிக்கை நிதியங்களும் ஏற்கெனவே ஏற்படுத்தி வைத்த பதில்கள். ஆனால் அவை கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று, பிரதேச செயலகத்தில் ஒன்று, பல்கலைக்கழகத்தின் ஏதோ ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒன்று என்று சிதறிக் கிடக்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அவற்றைத் தேடித் தொகுத்துக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிற விஷயங்கள் இவை.

ஐந்து நாள் கூலி

முதலில் பணம். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது, 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் மஹாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் உருவானது. லொத்தர் வருமானமும் வர்த்தகக் கண்காட்சிகளும் அதற்கு ஊற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்ததற்குப் பின்னால் இந்தப் பணம் இருக்கிறது. நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாயாக இருந்த தொகையை 2025 வரவுசெலவுத் திட்டம் 7,500 ரூபாயாக உயர்த்தியது. மஹாபொல கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகம் வழியாக வரும் உதவிப்பணம், அதாவது மாணவர்கள் 'பர்சரி' என்று சொல்வது, 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயானது. இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம். ஆண்டுக்குப் பத்துத் தவணை.

7,500 ரூபாய் எவ்வளவு தூரம் போகும்? தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயானது. 2026 வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வரவுக்கென்று 200 ரூபாயைச் சேர்த்தது. ஆக மஹாபொல என்பது அம்மா மலையில் ஏறிக் கொழுந்தெடுத்து உழைக்கும் ஐந்து நாள் கூலிக்கும் சற்றுக் குறைவு. அதைக் கொண்டு ஒரு மாதம் சாப்பிட வேண்டும், போட்டோகொப்பி எடுக்க வேண்டும், டேட்டா போட வேண்டும், ஊருக்கு வந்து போக வேண்டும். போதாது. அதுவும் சில மாதங்களில் தாமதமாக வரும். தாமதமான மாதத்தில் நகரத்துப் பிள்ளை அப்பாவுக்குப் போன் எடுக்கும். தோட்டத்துப் பிள்ளை அம்மாவின் தோடு அடகுக்குப் போகும் என்று தெரிந்தே போன் எடுக்காமல் இருக்கும்.

போதாது என்பதற்காக அதைக் கோராமல் விடுவது பெரும் பிழை. நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு மஹாபொல மொத்தம் 3 லட்சம் ரூபாய். கேட்க வேண்டிய நேரத்தில், கேட்க வேண்டிய விதத்தில் கேட்காததால் அது கைநழுவுகிறது.

வருமானத்தைக் காட்டுவது எப்படி

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

மஹாபொலவும் பர்சரியும் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்தே கொடுக்கப்படுகின்றன. வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் சான்றுபடுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். பெற்றோர் வேலை செய்யும் இடத்திலிருந்து சம்பள விபரமும் வேண்டும். அரசாங்க உத்தியோகத்தரின் வீட்டில் இது அரைநாள் வேலை. தோட்டத்து வீட்டில்?

அம்மாவின் பெயர் செக்ரோலில் இருக்கும். சம்பள விபரத்தைத் தோட்ட ஆபீசில் எழுதி வாங்க வேண்டும். அங்கே தருவது மொத்தச் சம்பளம். கைக்கு வருவது வேறு. முற்பணம், கடன், தொழிற்சங்கச் சந்தா, கோயில் வரி என்று சம்பளத் துண்டில் வரிசையாகக் கழிந்தபிறகு மிஞ்சுவதுதான் அடுப்பெரிக்கிறது. படிவம் கேட்பது மொத்தத்தை. ஆகவே காகிதத்தில் அந்தக் குடும்பம் தன் உண்மை நிலையைவிடக் கொஞ்சம் வசதியாகத் தெரியும். அப்பா கொழும்பில் கடையில் நிற்பவர் என்றால் அவரிடம் எந்தத் துண்டும் கிடையாது. முதலாளி கடிதம் தரமாட்டார். சத்தியக்கடதாசி முடிக்க வேண்டிவரும். தோட்டம் கூட்டுறவுக்கோ தனியாருக்கோ கைமாறியிருந்தால், வேலை நாட்களின் கணக்கே ஒழுங்காக இராது. பிள்ளை இதையெல்லாம் சுமந்துகொண்டு கிராம உத்தியோகத்தரைத் தேடிப் போகும். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளுக்கு மீண்டும் வர வேண்டும். மூன்று முறை மலை இறங்கி ஏறினால் அம்மாவுக்கு மூன்று நாள் பேர் விழாது.

நான் பெற்றோருக்குச் சொல்வது ஒன்றுதான். உயர்தரப் பரீட்சை எழுதிய மாதத்திலிருந்தே சம்பளத் துண்டுகளை ஒரு கோப்பில் போட்டுச் சேர்த்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழை இருந்தால் பெறுபேறு வருமுன்பே திருத்துங்கள். தகப்பன் பெயர் ஒரு கடதாசியில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருப்பது தோட்டங்களில் சாதாரணம். பல்கலைக்கழகப் பதிவின்போது அது சாதாரணமாக இருக்காது. வீட்டில் பாடசாலையிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் சகோதரர்கள் இருந்தால் அவர்களுடைய அத்தாட்சிக் கடிதத்தையும் எடுத்து வையுங்கள்.

கடிதம் வந்து சேர்வதும் ஒரு பாடுதான். பல லயங்களுக்கு இன்னும் வீட்டிலக்க முகவரி இல்லை. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் ஆபீசில் இறங்கி, யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்ப, ஒரு வாரம் கழித்து வீடு வரும். பிரதேச சபை தோட்டத்துக்குள் ஒரு பாதையைப் போடக்கூட 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை இடம் தரவில்லை. தோட்டம் என்பது நிர்வாகத்தின் வளவாகவே பார்க்கப்பட்டது. பல்கலைக்கழக அனுமதி இப்போது இணையவழியாக வந்துவிட்டதால் முக்கிய அறிவித்தல்கள் கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் வருகின்றன. ஆகவே கடையில் யாரோ திறந்துகொடுத்து, கடவுச்சொல்லும் அவர்களிடமே இருக்கும் மின்னஞ்சல் முகவரியைப் படிவத்தில் எழுதாதீர்கள். பிள்ளையின் சொந்த முகவரி, சொந்த எண்.

விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசைப்படி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். "இது நமக்குக் கிடைக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விரும்பிய பாடநெறியைக் கீழே தள்ளிப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரிவு நடப்பது இசட் புள்ளியும் விருப்ப வரிசையும் பார்த்து. உண்மையில் விரும்புவதை முதலில் எழுதுவதால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

ஏ9 வீதியில் இரண்டு திசை

மாத்தளை நகரம் ஏ9 நெடுஞ்சாலையில் இருக்கிறது. தெற்கே இறங்கினால் கண்டியும் பேராதனையும். வடக்கே போனால் தம்புள்ளை, வவுனியா, யாழ்ப்பாணம். மாத்தளைத் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு திசையிலும் போகிறார்கள். கலை, வணிகம் படிக்க யாழ்ப்பாணத்துக்கும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கும், கிழக்கே வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் போவோர் ஒருபக்கம். பேராதனை, சப்ரகமுவ, ஊவா வெல்லஸ்ஸ என்று போவோர் மறுபக்கம்.

பேராதனைக்குப் போவது வீட்டுக்குப் பக்கம் என்று தோன்றும். மாத்தளையிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம். ஆனால் எல்கடுவவிலிருந்தோ ரத்தோட்டைக்கு மேலிருந்தோ தினமும் போய்வருவது முடியாத காரியம். ஹொஸ்டல் கிடைக்காவிட்டால் படிப்பே ஆட்டம் காணும். முதலாம் ஆண்டுக்கும் இறுதியாண்டுக்கும் விடுதியில் முன்னுரிமை உண்டு. இடையில் உள்ள ஆண்டுகளில்தான் போர்டிங் தேடி அலைவது, நாலு பேர் சேர்ந்து ஒரு அறைக்கு வாடகை கட்டுவது எல்லாம். விடுதி ஒதுக்கும்போது வீட்டின் தூரத்தையும் குடும்ப நிலையையும் பார்ப்பார்கள். தூரத்தை கிலோமீட்டரில் எழுதுவதோடு நிறுத்தாமல், தோட்டத்திலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நடக்க வேண்டிய தூரம் எவ்வளவு என்று ஒரு கடிதத்தில் எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்திக் கொடுங்கள். வரைபடத்தில் முப்பது கிலோமீட்டர் என்று காட்டுவது மலையில் மூன்று மணித்தியாலம் என்று விடுதி அதிகாரிக்கு யாராவது சொல்ல வேண்டும்.

பேராதனையில் ஒரு விடுதிக்கு ராமநாதன் பெயர், இன்னொன்றுக்கு அருணாசலம் பெயர். வளாகத்தின் மேட்டில் இந்து மாணவர்கள் எழுப்பிய குறிஞ்சிக்குமரன் ஆலயம் இருக்கிறது. தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' இதழை வெளியிட்டு வந்திருக்கிறது. அந்நியமாய்த் தெரியும் இடத்தில் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதில் இவற்றுக்கும் பங்குண்டு. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போன இடத்தில் ஊரறிந்த அக்கா ஒருவரைச் சந்தித்து, அவர் வழியே பர்சரி படிவத்தை நிரப்பிய கதைகள் நிறைய உண்டு.

உள்ளே இருக்கும் உதவிகள்

ஒவ்வொரு அரச பல்கலைக்கழகத்திலும் சுகாதார நிலையம் உண்டு. பதிவு செய்த மாணவர் அங்கே இலவசமாக மருத்துவரைப் பார்க்கலாம். மாணவர் நலன்புரிப் பிரிவு, தொழில் வழிகாட்டல் அலகு, ஆங்கிலம் கற்பிக்கும் அலகு, உடற்கல்வி அலகு, ஒவ்வொரு பீடத்திலும் மாணவ ஆலோசகர்களாக நியமிக்கப்பட்ட விரிவுரையாளர்கள், அவர்களுக்கு மேலே சிரேஷ்ட மாணவ ஆலோசகர். இவர்களிடம் போவதற்குச் சிபாரிசு தேவையில்லை. கதவைத் தட்டினால் போதும். ஆனால் "சேர்" என்றால் தோட்டத்துத் துரையிடம் பேசுவதுபோல் கைகட்டி நிற்கப் பழகிய வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்தக் கதவைத் தட்டுவதே பெரிய மலை. அதைத் தாண்டச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு உதவிதான்.

ஆங்கிலம் இன்னொரு தடை. விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் படித்து முதல் விரிவுரையில் உட்காரும் பிள்ளைக்குப் பாதி காதில் ஏறாது. முதல் பருவத்தில் புள்ளி குறைந்ததும் "நான் இதற்கு லாயக்கில்லை" என்ற எண்ணம் வந்துவிடும். அந்த எண்ணம் பொய். ஆங்கில அலகின் வகுப்புகளுக்கு ஒழுங்காகப் போன பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் தலை நிமிர்கிறார்கள்.

மனம் தளர்ந்தால் பேச ஆளிருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது, அழைப்புக்குக் கட்டணமில்லை. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

பகிடிவதை பற்றியும் பேசாமல் விட முடியாது. 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதை சிறைக்குரிய குற்றம். பாரிய காயம் விளைவித்தால் பத்தாண்டு வரை சிறை. மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையவழியாகவே முறையிடலாம். தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழ்ச் சீனியர்களே வதைப்பதும், "நம்ம ஆக்கள்தானே" என்று அதை மூடி மறைப்பதும் நடக்கிறது. அது பண்பாடுமல்ல, பழக்கமுமல்ல. சட்டப்படி குற்றம். பெற்றோரும் "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ" என்று சொல்லிக் கைவிடாதீர்கள்.

வெட்டுப்புள்ளி தவறியவர்கள்

நாடு முழுவதும் ஆண்டுக்கு நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் அரச பல்கலைக்கழகம் கிடைக்கிறது. மற்றவர்கள் படிப்பை மூட்டை கட்டத் தேவையில்லை. பத்தனை ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு எத்தனையோ தமிழ் ஆசிரியர்களைத் தந்திருக்கிறது, தங்கிப் படிக்கலாம். கண்டி உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் உயர் தேசிய டிப்ளோமா உண்டு. மாத்தளையிலேயே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தேசியத் தொழிற்தகைமையில் ஒவ்வொரு படியாக ஏறி ஏழாம் மட்டத்தில் பட்டம் வரை போகலாம் என்பது தோட்டத்தில் எத்தனை வீட்டுக்குத் தெரியும்? உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தவர்கள் அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க, 2017 முதல் வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம், கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில். பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார்; இளைஞருக்குத் தொழில் வழிகாட்டுவது அவர் கடமை. அவரைப் போய்ப் பாருங்கள்.

தோட்டப் பிள்ளைகளுக்கென்றே உள்ள உதவி ஒன்றும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக 1940களில் தொடங்கிய கல்வி நம்பிக்கை நிதியத்தை இந்தியத் தூதரகம் நடத்துகிறது. உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் தருகிறது. கண்டியில் உள்ள இந்திய உதவித் தூதரகத்தில் விசாரிக்கலாம். இந்தியாவிலேயே பட்டம் படிக்க நேரு நினைவுப் புலமைப்பரிசில், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் ஆகியவையும் உண்டு. விண்ணப்ப அறிவித்தல் பத்திரிகையில் ஒரு மூலையில் வந்து போய்விடும். பாடசாலை அதிபர்கள் அதை வெட்டிப் பலகையில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

மாத்தளைக்கு ஒரு மேசை வேண்டும்

2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, முன்னோர் வந்த வழியே நடந்து, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை வந்தடைந்தது மலையகம் 200 நடைபவனி. அந்தப் பாதையில் முன்னோர் எத்தனையோ பேரைப் புதைத்துவிட்டு வந்தார்கள். கோப்பிக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இப்போது அதே வீதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ எழுபதுகளில். அந்தப் பின்னடைவை ஈடுசெய்ய மலையகத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக உண்டு. அது நியாயமான கோரிக்கை. பின்தங்கிய பட்டியலை மாவட்டமாகப் பார்க்காமல் பாடசாலையாகவோ பிரதேச செயலகப் பிரிவாகவோ பார்க்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. உக்குவளையிலும் ரத்தோட்டையிலும் உள்ள தோட்டப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் நீதி கிடைக்கும். ஆனால் சட்டமும் கட்டடமும் வரும்வரை இந்த ஆண்டு தெரிவான பிள்ளை காத்திருக்க முடியாது.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெறுபேறு வெளியான நாளிலிருந்து பல்கலைக்கழகப் பதிவு முடியும் வரையான வாரங்களில் மாத்தளை நகரத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் ஒரு கணினியும். முத்துமாரியம்மன் கோயில் மண்டபத்தின் ஒரு மூலையானாலும் சரி, பாடசாலை வகுப்பறையானாலும் சரி. பல்கலைக்கழகத்தில் படிக்கும், படித்து முடித்த நம் பிள்ளைகள் மாறிமாறி உட்கார்ந்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கவும், வருமானச் சான்றிதழைச் சரிபார்க்கவும், மஹாபொலவுக்கும் பர்சரிக்கும் விடுதிக்கும் திகதி தவறாமல் நினைவூட்டவும் வேண்டும். பெரிய செலவில்லை.

மாத்தளையிலிருந்து படித்துப் பட்டம் பெற்று இன்று ஆசிரியராக, வைத்தியராக, பொறியியலாளராக இருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் தோட்டத்திலிருந்து இந்த முறை தெரிவான பிள்ளை யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். அந்த வீட்டுக்குப் போய், கோப்பைத் திறந்து, எந்தக் கடதாசி குறைகிறது என்று பாருங்கள்.